எந்த டயரில் சாலைச் சத்தம் குறைவு என்பதை எப்படி ஒப்பிடுவது?

கொங்குப்பயணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பக் காரில் 195/65 ஆர்15 அளவு டயர்கள் உள்ளன. காருடன் வந்தவை தேய்மானக் குறியை நெருங்கிவிட்டதால் நான்கையும் மாற்ற வேண்டியிருக்கிறது. கோவைக்கும் சேலத்துக்கும் இடையே அடிக்கடி செல்கிறோம். வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் எழும் இரைச்சலில், முன்னால் இருப்பவர்கள் பேசுவது பின்னிருக்கையில் அமரும் என் தாயாருக்குக் கேட்பதில்லை. ஆகவே இம்முறை விலையைவிட அமைதிக்கே முதலிடம் கொடுக்க நினைக்கிறேன்.

கடைக்காரர் மூன்று நிறுவனங்களின் டயர்களைக் காட்டி மூன்றுமே சத்தமில்லாதவை என்றார். இணையத்தில் தேடியபோது ஐரோப்பிய லேபிள்களில் 68, 70, 71 என்று டெசிபல் எண்கள் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்தேன். அந்த எண்ணை மட்டும் நம்பி டயரைத் தேர்ந்தெடுக்கலாமா? உள்ளே நுரைப்பஞ்சு ஒட்டிய டயர்களுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது பயன் தருமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ரப்பர்க்காடு:

டயர் சோதனைத் துறையில் பணியாற்றியவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் பார்த்த டெசிபல் எண் காருக்குள் கேட்கும் சத்தத்தைக் குறிப்பதன்று. எஞ்சினை அணைத்து, காரை 80 கிலோமீட்டர் வேகத்தில் உருளவிட்டு, அது செல்லும் பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் வைத்த ஒலிவாங்கிகளால் அளந்து பெறும் எண் அது. சாலையோரத்தில் குடியிருப்பவரின் காதுக்காக ஏற்பட்ட அளவு என்று அதைச் சொல்லலாம். சோதனைக்குரிய தார்த்தளமும் குறிப்பிட்ட தரத்தில் தனியாகப் போடப்பட்டது. நம் நெடுஞ்சாலைகளின் சொரசொரப்பு அதில் இருக்காது.

2021 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய லேபிளில் சத்தத்துக்கு ஏ, பி, சி என மூன்று வகுப்புகள் உண்டு. உங்கள் டயரின் 195 மில்லிமீட்டர் அகலத்துக்குரிய ஐரோப்பிய வரம்பு 71 டெசிபல். அதைவிட 3 டெசிபலோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் ஏ வகுப்பு. 3 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிறது. ஆனால் சத்தம் பாதியானதாக நம் காது உணர ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். எனவே 70க்கும் 71க்கும் உள்ள ஒரு எண் வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. 68க்கும் 71க்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கவனத்தில் கொள்ளலாம்.

சத்தம் பிறக்கும் வழிகள் பல. சாலையைத் தொடும் ஒவ்வொரு பட்டனும் (டயரின் மேற்பரப்பில் பள்ளங்களுக்கு இடையே துருத்தி நிற்கும் ரப்பர் கட்டி) தரையில் மோதி ஒலியெழுப்புகிறது. பட்டன்களுக்கு இடையே உள்ள காற்று நசுங்கி வெளியேறி, மீண்டும் உறிஞ்சப்படுகிறது. சுற்றுவாட்டில் ஓடும் நீண்ட பள்ளங்கள் தரையோடு சேர்ந்து குழாய்களாகிப் புல்லாங்குழலைப் போல ஒலிக்கின்றன. இவற்றால் எழும் ஒலி பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸை ஒட்டியது; வெளியில் நிற்பவருக்கு அதிகம் கேட்பதும், லேபிளின் எண்ணைத் தீர்மானிப்பதும் அதுவே. பட்டன்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால் ஒரே சுருதியில் ஊளை எழும் என்பதால் நல்ல வடிவமைப்பாளர்கள் வெவ்வேறு நீளங்களைக் கலந்து அடுக்குகிறார்கள். கடையில் டயரை மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

உங்கள் தாயாருக்குத் தொந்தரவு தருவதோ பெரும்பாலும் வேறு வகை ஒலி. சொரசொரப்பான சாலை டயரை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு ரிம், சஸ்பென்ஷன், காரின் தரைத்தகடு என்று ஏறி உள்ளே தாழ்ந்த உறுமலாக வந்து சேர்கிறது. லேபிளில் ஏ வகுப்பு பெற்ற டயர் இந்த உறுமலில் சுமாராக இருக்கவும், பி வகுப்பு டயர் காருக்குள் இதமாக இருக்கவும் இதுவே காரணம்.

நுரை என்ன செய்யும்? டயருக்குள் அடைபட்ட காற்று வளையத்துக்கும் ஓர் அதிர்வெண் உண்டு. உங்கள் அளவில் அந்த வளையத்தின் சராசரிச் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர், ஒலியின் வேகத்தை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 215 ஹெர்ட்ஸ் வருகிறது. சாலைத்தளத்தின் இணைப்பிலோ குழியிலோ ஏறும்போது 'டொங்' என்று ஒலிப்பது அந்த அதிர்வெண்தான். கான்டினென்டலின் கான்டிசைலன்ட், மிச்செலினின் அக்கூஸ்டிக், பிரெல்லியின் பி.என்.சி.எஸ். ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் பாலியூரித்தேன் நுரை இந்த ஒன்றைத்தான் அடக்குகிறது. பட்டன் இரைச்சலை அது தொடுவதில்லை. மின்சாரக் கார்களிலும் பெரிய சொகுசுக் கார்களிலும், மற்ற ஓசைகள் அடங்கிவிட்டதால் இந்த ஒலி துருத்திக்கொண்டு கேட்கும். அங்கே நுரைக்கு மதிப்பு உண்டு. உங்கள் 15 அங்குலச் சக்கரத்துக்கு நுரையைத் தேடி அலையாதீர்கள்.

சஹ்யாத்ரி:

புனேயில் வசிக்கிறேன். மும்பை–புனே விரைவுச்சாலை கான்கிரீட் தளம். அதிலிருந்து தார்ச்சாலைக்கு இறங்கும் இடத்தில், வேகம் மாறாமலே சத்தம் சட்டென்று தணிவதை எந்தக் காரிலும் கேட்கலாம். கான்கிரீட்டில் நீர் வடிவதற்காகக் குறுக்கே கீறிய கோடுகள் ஒரு ரீங்காரத்தை எழுப்புகின்றன. புதிய தார்த்தளம் அமைதியாக இருக்கும். ஜல்லி வெளியே தெரியும் பழைய தளம் உறுமும். ஒருவர் தம் டயர் அமைதியானது என்று எழுதினால், எந்தத் தளத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு தேய்ந்த நிலையில் என்று கேட்காமல் அந்தக் கருத்தை ஏற்க வேண்டாம். தேய்ந்த டயரைக் கழற்றிப் புதியதைப் போட்ட அன்று எழுதப்படும் விமர்சனங்களில் எந்த நிறுவனத்தின் டயரும் மிக அமைதியானதாகவே இருக்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு எழுதியவர்களைத் தேடிப் படியுங்கள்.

கைப்பேசிச் செயலியால் அளப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் வழக்கமாகக் காட்டப்படும் ஏ-எடையிட்ட டெசிபல், அதாவது மனிதக் காதின் உணர்திறனுக்கேற்பத் திருத்திய அளவு, தாழ்ந்த அதிர்வெண்களை வெகுவாகக் குறைத்துக் கணக்கிடுகிறது. உறுமல்தான் உங்கள் குறை என்றால் அந்த எண் அதை முழுமையாகக் காட்டாது.

அலைன்மென்ட் அன்பன்:

டயர் வாங்கும் முன் பழையவற்றைத் தடவிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பட்டன்களின் மேல் உள்ளங்கையை முதலில் முன்னோக்கியும் பிறகு பின்னோக்கியும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பற்கள்போல் குத்துவதாகவும் இருந்தால், உங்களுக்குக் கேட்கும் இரைச்சலில் பெரும்பகுதி அந்தத் தேய்மானத்தால் வருவது. பின்சக்கரங்களில் இது அதிகம். பின்னிருக்கையில் சத்தம் கூடுதலாகக் கேட்கவும் அது காரணமாகலாம். வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரியாக அமைப்பது), காற்றழுத்தம், டயர்களை இடம் மாற்றிப் போடுதல் ஆகியவற்றைக் கவனிக்காவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த டயரும் இதே நிலைக்கு வரும்.

சக்கரம் உராய்வின்றிச் சுழல உதவும் பேரிங் தேய்ந்தாலும் இதே போன்ற ஊளை வரும். சாலையின் தளம் மாறும்போது சத்தமும் மாறினால் டயர். தளம் மாறியும் மாறாமல், ஆனால் வளைவில் ஒரு பக்கம் எடை சாயும்போது கூடியோ குறைந்தோ கேட்டால் பேரிங் என்று கொள்ளலாம்.

கொங்குப்பயணி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பின்பக்க டயர்களைத் தடவிப் பார்த்தேன். ரம்பப் பற்கள் தெளிவாகவே தெரிகின்றன. அலைன்மென்ட்டை முதலில் சரிசெய்துவிடுகிறேன். இன்னும் ஒரு ஐயம்: அமைதியான டயர்கள் மழையில் வழுக்கும் என்று ஒரு நண்பர் எச்சரிக்கிறார். அது உண்மையா?

ரப்பர்க்காடு:

அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் அவருடைய கவலைக்கு அடிப்படை உண்டு. ஆழமும் அகலமும் குறைந்த பள்ளங்கள் சத்தத்தைக் குறைக்கும். அதே பள்ளங்கள்தாம் மழைநீரை வெளியேற்ற வேண்டும். மென்மையான ரப்பர் கலவை உறுமலை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்திலும் பொதுவாக நன்றாகப் பிடிக்கும். ஆனால் விரைவில் தேயக்கூடும். இந்த மூன்றையும் சமன்செய்வதில்தான் டயர் செய்பவரின் திறமை தெரிகிறது. ஐரோப்பிய லேபிளில் ஈரப்பிடிப்புக்குத் தனி எழுத்து இருக்கிறது. அதில் ஏ அல்லது பி பெற்றவற்றை முதலில் தனியே எடுத்து, அவற்றுக்குள் சத்தத்தை ஒப்பிடுங்கள். சத்தத்துக்காக ஈரப்பிடிப்பில் சி வகுப்புக்கு இறங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நம் நாட்டில் டயர்மேல் காணப்படும் நட்சத்திரக் குறி எரிபொருள் சிக்கனத்துக்கானது. அதை வைத்துச் சத்தத்தைக் கணிக்க முடியாது.

உங்கள் அளவுக்குரிய லேபிளையே பாருங்கள், ஏனெனில் ஒரே பெயருள்ள டயரிலும் அளவுக்கேற்ப எண்கள் மாறும். வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் படியுங்கள்: முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். கிடங்கில் நெடுங்காலம் கிடந்து இறுகிய ரப்பர், வடிவமைப்பு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், உறுமத்தான் செய்யும். மாட்டிய பின் கார்க் கதவில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்றடியுங்கள். கூடுதலாக நிரப்பினால் டயர் விறைத்து, குழிகளின் அதிர்ச்சி அப்படியே உள்ளே வரும்.