அப்டேட்: வாத்து சுடுற துப்பாக்கி வேலை செய்யுது

முன்னாடி கேட்டிருந்தேன்ல, பழைய வீடியோ கேம் துப்பாக்கி எல்இடி டிவில ஒரு வாத்தைக்கூட சுட மாட்டேங்குதுன்னு. துப்பாக்கில கோளாறே இல்லப்பா. 1984ல வந்த டக் ஹன்ட்ங்குற இந்த வாத்து சுடுற கேம்ல ட்ரிக்கர அமுக்குனதும் ஸ்க்ரீன் கண்ணு சிமிட்டுற நேரம் கருப்பாகி, அப்புறம் வாத்து இருக்க எடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும், அந்த வெளிச்சம் துப்பாக்கி சென்சார்ல பட்டாதான் அடி விழும், எல்இடி டிவி படத்த ப்ராசஸ் பண்ணி லேட்டா காட்டுறதுக்குள்ள கேம் மிஸ்னு முடிவு பண்ணிருது.

பழைய டப்பா டிவில இந்த லேட் இல்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல, பழைய சாமான் கடைல, எனாமல் சட்டிகளுக்கு நடுவுல ஒரு டப்பா டிவி கெடந்துச்சு, பேரம் பேசி தூக்கிட்டு வந்துட்டேன் (என்னா கனம்!). இப்ப வளவுல ஒரே வேட்டைதான், எல்லாம் நாப்பதத் தாண்டுன ஆளுக. ஆச்சி மட்டும் "வாத்த விடுடா, சிரிக்கிற நாய சுடு"ங்குறாக (வாத்து தப்பிச்சா கேம்ல ஒரு நாய் வந்து நம்மளப் பாத்து சிரிக்கும்). வீட்டு கேம்ல அதுக்கு வழியே இல்லன்னா நம்ப மாட்டேங்குறாக.