வரியைக் குறைத்தால் கம்பெனி தானாக வந்துவிடுமா?

தோட்டத்துப் பையன்:
மலேசியாவில் கூலிம் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஊர் நமக்கு. நேற்று ஒட்டுக்கடையில் ஒரு மாமா, அயர்லாந்து கம்பெனி வரியை 12.5 விழுக்காடாக வைத்தே பணக்கார நாடாகிவிட்டது, சிங்கப்பூர்கூட 17தான், நாம் 24 கேட்டால் எவன் வருவான் என்று ஒரே சத்தம். பதில் சொல்லத் தெரியவில்லை. சின்ன நாட்டுக்கு இதுதான் வழியா?

பழைய கிராணி:
மாமா பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார் தம்பி. 12.5 வந்தது 2003இல். அதற்கு முன்பே, 1956இல் ஏற்றுமதி லாபத்துக்குச் சலுகை, 1981இலிருந்து உற்பத்திக் கம்பெனிகளுக்கு 10 விழுக்காடு, இவ்வளவு கொடுத்தும் எண்பதுகளில் அந்த ஊர்ப் பிள்ளைகள் வேலை தேடி லண்டனுக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தார்கள். அறுபதுகளின் கடைசியிலேயே இடைநிலைப் பள்ளியை இலவசமாக்கியிருந்தார்கள், 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முன்னோடி) சேர்ந்தார்கள், 1993இல் அது ஒரே சந்தையானது. ஆங்கிலம் பேசும் படித்த ஆட்கள், உள்ளே நுழைந்தால் ஐரோப்பா முழுக்க விற்கலாம், அமெரிக்கக் கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்? வரி அந்த வாசலில் போட்ட கோலம்.

ஷிப்ட் அக்கா:
நம் 24 விழுக்காடும் வெறும் பேருக்குத்தான். பயனியர் அந்தஸ்து என்ற அரசாங்க வரிச்சலுகை கிடைத்த கம்பெனிக்குப் பொதுவாக ஐந்து வருடம் வருமானத்தில் 70 விழுக்காட்டுக்கு வரியே இல்லை, உயர்தொழில்நுட்பம் என்றால் இன்னும் தாராளம். 1972இல் இன்டெல் பினாங்குக்கு வந்ததும் இப்படிச் சலுகை காட்டிய காலத்தில்தான். நான் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஆபரேட்டர். மிஷின் நின்றால் டெக்னீஷியன் வரும்வரை லைன் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். வருகிறவர் பாலிடெக்னிக் படித்தவர், நம் தோட்டத்துப் பிள்ளைகள் அந்த இடத்தில் எத்தனை பேர் சொல்லுங்கள். கம்பெனி வந்துதான் இருக்கிறது, நாம்தான் ஏஜென்ட் வழியாகக் கான்ட்ராக்டில் நிற்கிறோம்.

மூவார்க்காரன்:
அயர்லாந்துக் கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். 2015இல் பொருளாதாரம் 26 விழுக்காடு வளர்ந்ததாகக் காட்டியது, பெரும்பங்கு வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் காப்புரிமைச் சொத்துகளை அங்கே பதிவு மாற்றியதால் வந்தது. சனங்கள் கையில் அவ்வளவு ஏறவில்லை, அதனால் அவர்களே வேறு அளவுகோல் வைத்துக்கொண்டார்கள். ஆப்பிளிடம் 1,300 கோடி யூரோ வரிப்பாக்கியை வாங்கு என்று 2016இல் ஐரோப்பிய ஆணையம் உத்தரவு போட்டபோது வேண்டாம் என்று அயர்லாந்தே வழக்காடியது, 2024 செப்டம்பரில் தோற்றது (வருகிற காசை வேண்டாம் என்ற அரசாங்கம் வேறெங்கே!).

இப்போது ஆட்டமே மாறிவிட்டது. ஆண்டு வருமானம் 75 கோடி யூரோவுக்கு மேல் போகும் குழுமங்களுக்குக் குறைந்தது 15 விழுக்காடு வரி. அயர்லாந்தில் 2024இலிருந்து, இங்கேயும் சிங்கப்பூரிலும் 2025இலிருந்து. ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் சில தொழில்களுக்கு 5 விழுக்காடு என்கிறார்கள், ஆனால் அந்த அளவுக்குப் பெரியவன் வந்தால் 15 வரைக்குமான மிச்சத்தைப் பெரும்பாலும் நம் அரசாங்கமே வசூலித்துக்கொள்ளும். அந்தக் காசில் ஒரு பங்கு கூலிம் பக்கம் தொழிற்பயிற்சிக்கு வருமா என்று உங்கள் எம்.பி.யைக் கேளுங்கள்.