ஜோன்ஸ்டவுனில் எல்லாரும் விரும்பியா விஷம் குடித்தார்கள்?

கேள்வி:
1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்க நாடான கயானாவின் காட்டுக்குள், அமெரிக்க மதபோதகர் ஜிம் ஜோன்ஸ் அமைத்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில் அவருடைய சபையினர் 900 பேருக்கு மேல் இறந்ததை எங்கே பார்த்தாலும் ‘கூட்டுத் தற்கொலை’ என்றே எழுதுகிறார்கள். இத்தனை பேர் எப்படிச் சம்மதித்தார்கள்?

பதில் 1:
தற்கொலை என்று சொல்லவே மனசு வரவில்லை. செத்தவர்களில் 300 பேருக்கு மேல் பிள்ளைகள், கைக்குழந்தைகளுக்கு ஊசிக்குழாயால் சயனைடு கலந்த பானத்தை வாயில் பீச்சினார்கள், சுற்றிலும் துப்பாக்கியோடு காவல், இதில் சம்மதம் எங்கே இருக்கிறது?

பதில் 2:
ஆரம்பத்தையும் பாருங்கள். 1950-களில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து ஜெபித்த சபை அது, அந்தக் காலத்தில் லேசான காரியமில்லை. ஏழைகளுக்குச் சாப்பாடு, முதியோருக்கு இல்லம் எல்லாம் நிஜமாகவே நடத்தினார்கள். அப்புறம் கலிஃபோர்னியா, அங்கே பத்திரிகைகள் தோண்ட ஆரம்பித்ததும் 1977-ல் கூட்டம் கூட்டமாகக் கயானாவுக்கு. போனதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரியில் ஒலிபெருக்கியில் எழுப்பிச் சாவுக்கு ஒத்திகை பார்க்க வைத்தார்கள்.

பதில் 3:
கடைசி நேர ஒலிநாடா இருக்கிறது. கிறிஸ்டின் மில்லர் என்ற பெண் எழுந்து, குழந்தைகளாவது வாழட்டும் என்று வாதாடுகிறார், கூட்டமே அவரை அடக்குகிறது. விசாரிக்க வந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரையனை அதற்குள் விமான ஓடுதளத்தில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவரோடு ஊர் திரும்பக் கிளம்பியவர்கள் ஏறக்குறைய பதினைந்து பேர்தான், அதையே ஜோன்ஸால் தாங்க முடியவில்லை.