ஹிமாலயன் 411: லித்தியம் பேட்டரி போடலாமா, ஏ.ஜி.எம்.மிலேயே இருக்கலாமா?

சோழிங்கநல்லூர்_ரைடர்:

வணக்கம் நண்பர்களே. வண்டி ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 பைக், பி.எஸ்.4. கம்பெனி பேட்டரி 12 வோல்ட் 8 ஆம்ப்-ஹவர், மெயின்டெனன்ஸ் ஃப்ரீ ஏ.ஜி.எம். (கண்ணாடி இழைப் பாய்ல ஆசிட்டை உறிஞ்ச வெச்ச லெட்-ஆசிட் ரகம்). ரெண்டு வாரம் எடுக்காம விட்டா ரிலே "டக் டக்"னு அடிக்குது, செல்ஃப் இழுக்கல. கிக்கர் கிடையாது. வார இறுதியில மட்டும்தான் ஓட்டம், மத்த நாள் பேஸ்மென்ட்ல நிக்கும், அங்க பிளக் பாயின்ட் இல்ல. ஜி.பி.எஸ். ட்ராக்கர் ஒண்ணு மாட்டியிருக்கு.

லித்தியம் போட்டா ரெண்டு கிலோ குறையும், சீக்கிரம் இறங்காதுன்னு சொல்றாங்க. "14 ஆம்ப்-ஹவருக்குச் சமம்"னு போட்ட ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். வாங்கலாமா? இப்ப இருக்கிற லெட்-ஆசிட் சார்ஜரே போதுமா?

வயரிங்_வாத்தியார்:

பேட்டரியை அப்புறம் பார்ப்போம். சாவி ஆஃப்ல வண்டி எவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு முதல்ல அளந்துடுங்க. நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்க. மல்டிமீட்டரோட சிவப்பு வயரை 10 ஆம்ப் ஓட்டைக்கு மாத்தி, கேபிளுக்கும் நெகட்டிவ் டெர்மினலுக்கும் நடுவுல மீட்டரைச் சேருங்க. ரெண்டு நிமிஷத்துல ரீடிங் நிலைக்கும். குறைவா இருந்தா மில்லிஆம்ப் ரேஞ்சுக்கு மாறலாம். மீட்டர் நடுவுல இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. செல்ஃப் அடிச்சா மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

அடுத்தது, கேபிளை மாட்டிட்டு வோல்ட்டேஜ். ராத்திரி முழுக்க நின்ன பிறகு எவ்வளவு, செல்ஃப் அடிக்கிறப்ப எவ்வளவுக்கு இறங்குது, இன்ஜின் 4000 ஆர்.பி.எம்.ல எவ்வளவு. இந்த மூணையும் போடுங்க. கூடவே ட்ராக்கரோட ஒரு தடவை, அதோட ஃபியூஸை எடுத்துட்டு ஒரு தடவை எடுத்த கரண்ட் ரீடிங்கையும் போடுங்க.

சோழிங்கநல்லூர்_ரைடர்:

ட்ராக்கரோட 25 மில்லிஆம்ப், ஃபியூஸை எடுத்தா 2. நின்ன வோல்ட்டேஜ் 12.3. செல்ஃப் அடிக்கிறப்ப 9.1 வரை இறங்குது. 4000ல 14.2.

வயரிங்_வாத்தியார்:

அப்போ சார்ஜிங் சர்க்யூட் நல்லா இருக்கு. 13.8லருந்து 14.5 வரை வரணும், வருது. 15ஐத் தாண்டியிருந்தா ரெகுலேட்டரை (சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தற பாகம்) மாத்தாம எந்தப் பேட்டரி போட்டாலும் வீண்தான். செல்ஃப்ல 9.6க்குக் கீழ போகுதுன்னா பழைய பேட்டரி பலவீனம்தான், ஆனா 12.3ல இருக்கறப்ப எடுத்த ரீடிங்கை வெச்சு ஒதுக்கிடாதீங்க. முழுசா சார்ஜ் ஏத்தி, சில மணி நேரம் விட்டு, மறுபடி அடிச்சுப் பாருங்க.

இப்ப கணக்கு. 25 மில்லிஆம்ப்னா ஒரு நாளைக்கு 0.6 ஆம்ப்-ஹவர். திங்கள்லருந்து வெள்ளி வரை அஞ்சு நாளுக்கு 3. ரெண்டு வாரத்துக்கு 8.4, அதாவது புது பேட்டரியே காலி. பேட்டரியைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்ல. லெட்-ஆசிட் இப்படி அரைகுறை சார்ஜ்ல நின்னுட்டே இருந்தா தகட்டுல லெட் சல்ஃபேட் கெட்டிப்பட்டுப் போகும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏத்தினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. உங்க பேட்டரிக்கு நடந்ததும் அதுவாத்தான் இருக்கும்.

"14க்குச் சமம்"ங்கறது செல்ஃப் இழுக்கிற பலத்தை வெச்சுச் சொல்றது. லேபிள்ல பொடி எழுத்துல வாட்-ஹவர் போட்டிருக்கும், அதை 12.8ஆல வகுங்க. 51 வாட்-ஹவர்னு இருந்தா நிஜத்துல 4 ஆம்ப்-ஹவர்தான். உங்க ட்ராக்கர் அதை ஒரு வாரத்துல துடைச்சிடும். லித்தியம் தானா இறங்கறது ரொம்பக் குறைவுங்கறது உண்மை. வெளிய ஒண்ணு உறிஞ்சறப்ப அது உதவாது.

குன்னூர்_கொண்டைஊசி:

வாத்தியார் கணக்கு சரி. ஆனாலும் லித்தியத்தை மொத்தமா ஒதுக்க வேண்டாம் அண்ணா. ட்ராக்கரை ஸ்லீப் மோடுல போட்டு இழுப்பைக் குறைச்சுட்டா, மூணு கிலோ பேட்டரிக்குப் பதில் ஒரு கிலோ, செல்ஃப் அடிக்கிறப்ப வோல்ட்டேஜ் அவ்வளவா விழாது, மாசக்கணக்குல நிறுத்தினாலும் சல்ஃபேட் தொல்லை இல்ல. தினமும் ஓட்டறவங்களுக்கும் எடையைக் குறைக்கப் பாக்கறவங்களுக்கும் காசு கொடுக்கலாம்.

வாங்குறதுன்னா கெமிஸ்ட்ரியைக் கேட்டு வாங்குங்க. லித்தியம் அயர்ன் பாஸ்பேட், நாலு செல் வரிசை, முழு சார்ஜ் 14.4லருந்து 14.6: இது மட்டும்தான் பைக்குக்கு. லேப்டாப் பேட்டரியில வர்ற மாதிரி உருளை செல் மூணை வரிசையா ஒட்டி "12 வோல்ட் லித்தியம்"னு விக்கறாங்க. அதோட உச்சம் 12.6. வண்டி 14.2 கொடுத்தா செல்லுக்கு 4.7 வோல்ட் ஏறும், 4.2தான் எல்லை. சீட்டுக்கு அடியில தீப்பிடிக்கிற விஷயம் இது, விலை பார்த்து மயங்காதீங்க.

மலைமேல இருக்கறவங்களுக்கு ஒண்ணு. ஜனவரி விடியக்காலையில ஊட்டிப் பக்கம் உறைபனி விழற குளிர்ல முதல் தடவை செல்ஃப் மந்தமா இழுக்கும், பேட்டரி போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. சாவி போட்டு ஹசார்டையோ ஹெட்லைட்டையோ ஒரு நிமிஷம் எரிய விடுங்க. கரண்ட் ஓடினா செல் உள்ளுக்குள்ள சூடாகும், அடுத்த தடவை இழுக்கும். சில வண்டியில இன்ஜின் ஓடினாத்தான் ஹெட்லைட் வரும், அங்க பிரேக்கை அழுத்திப் பிடிச்சு பிரேக் லைட்டை எரிய விடுங்க. பூஜ்யம் டிகிரிக்குக் கீழ சார்ஜர் மட்டும் போடாதீங்க, செல்லுக்குள்ள லித்தியம் உலோகமாப் படிஞ்சு கெட்டுடும்.

வயரிங்_வாத்தியார்:

தம்பி சொன்னதுல எனக்கு ஒரு பயம் சேர்க்கணும். காலியான லித்தியத்தை ஜம்ப் பண்ணி ஸ்டார்ட் செஞ்சு, வண்டியே சார்ஜ் ஏத்திக்கட்டும்னு கிளம்பறது தப்பு. அதோட உள் எதிர்ப்பு குறைவு, கிடைக்கிற கரண்டை எல்லாம் வாங்கும். ஸ்டேட்டர் (இன்ஜின்ல கரண்ட் தயாரிக்கிற சுருள்), ரெகுலேட்டர் ரெண்டும் கொதிக்கும். ரெகுலேட்டர் பழுதாகி வோல்ட்டேஜ் ஏறினா பி.எம்.எஸ். (லித்தியம் பேட்டரிக்குள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்) பேட்டரியைத் துண்டிச்சிடும். ஓட்டத்துல அப்படித் துண்டிச்சா, அலையைத் தாங்க ஆளில்லாம வோல்ட்டேஜ் எகிறி ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) வரைக்கும் கெட்டுப் போகலாம்.

இன்னொண்ணு, மீட்டர்ல 12.8 காட்டினா ஏ.ஜி.எம். நிறைஞ்சிருக்கு, அதே 12.8 லித்தியத்துல கிட்டத்தட்ட அடி வண்டல். லித்தியம் நிறைஞ்சு ஓய்வுல இருந்தா 13.3க்கு மேல காட்டணும். டெர்மினல்ல பூஜ்யம் காட்டினா பி.எம்.எஸ். பூட்டிருக்கு, அதைத் திறக்க லித்தியத்துக்குன்னே இருக்கிற சார்ஜர் வேணும்.

சார்ஜர் கேட்டீங்க. டிசல்ஃபேஷன் (கெட்டிப்பட்ட சல்ஃபேட்டைக் கரைக்கப் பாக்கற) வசதி இருக்கிற லெட்-ஆசிட் சார்ஜரை லித்தியத்துல மாட்டவே கூடாது, 15 வோல்ட்டைத் தாண்டி பல்ஸ் அடிக்கும்.

ஆசிட்_வாசு:

இவ்வளவும் பார்த்த பிறகு உங்க பயன்பாட்டுக்கு நல்ல ஏ.ஜி.எம்.தான் சரி சார். விலையும் பல மடங்கு குறைவு, பழசைக் கொடுத்தா கழிச்சுப்பாங்க.

கடையிலேயே மீட்டர் வெச்சுப் பாருங்க, 12.7க்குக் குறைஞ்சா வேற கேளுங்க. ரொம்ப நாள் அலமாரியில நின்ன சரக்கா இருக்கும். ஆசிட்டைத் தனியா ஊத்தற ரகம்னா ஊத்தி அரை மணி விட்டு, முதல் சார்ஜ் ஏத்தித்தான் தரணும். அவசரத்துல அப்படியே மாட்டித் தந்தா அந்தப் பேட்டரி அதோட முழு கொள்ளளவை ஒரு நாளும் தொடாது.

சார்ஜர் கரண்ட் 0.8 ஆம்ப் போதும், அதாவது பத்தில் ஒரு பங்கு. நம்ம ஊர் வெயிலுக்கு 14.4க்கு மேல ஏத்த வேண்டாம். பேஸ்மென்ட்ல பிளக் இல்லாததால பேட்டரிக்கு ஒரு எஸ்.ஏ.இ. கனெக்டர் (சார்ஜரைச் சட்டுனு சொருகற ரெண்டு முனை பிளக்) வயரை ஃபியூஸோட மாட்டி வெச்சுக்கோங்க, பேட்டரியை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறப்ப சார்ஜரைச் சொருகறது சுலபம். கழற்றறப்ப முதல்ல நெகட்டிவ், மாட்டறப்ப கடைசியா நெகட்டிவ். ஸ்பேனர் பாசிட்டிவையும் சட்டத்தையும் சேர்த்துத் தொட்டா பொறி பறக்கும். போல்ட்டை முறுக்கித் தள்ளாதீங்க, ஈய டெர்மினல்ல மரை போயிடும்; இறுக்கின பிறகு மேல லேசா வாசலின்.

ட்ராக்கரை ஸ்லீப் மோடுக்கு மாத்தினதும் அந்த 25ஐ மறுபடி அளந்து போடுங்க. 5க்குக் கீழ வந்தா மூணு வாரம் நின்னாலும் செல்ஃப் இழுக்கும். வரலைன்னா ட்ராக்கருக்குள்ள தனி பேட்டரி இருக்கிற ரகத்துக்கு மாறுங்க, சாவி ஆன்ல மட்டும் சப்ளை போற லைன்ல கொடுக்கலாம்.