லென்ஸ் விதி எதை எதிர்க்கிறது?

கயல்: மாமா, முழித்திருக்கிறீர்களா? தூண்டப்பட்ட மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடும் என்று சொல்லும் லென்ஸ் விதியில் மாட்டிக்கொண்டேன்.

ரகு மாமா: இருக்கிறேன், சொல்லு.

கயல்: 100 சுற்றுள்ள கம்பிச்சுருள். அதன் வழியே போகும் காந்தப்பாயம் (சுருளைக் கடக்கும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) 2 மில்லிவெபர், 0.1 நொடியில் சுழியாகிறது. மின்னியக்கு விசை, அதாவது சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம், 2 வோல்ட் வந்துவிட்டது. ஆனால் தூண்டப்பட்ட மின்னோட்டம் உண்டாக்கும் புலம் பழைய புலத்தின் "அதே திசையில்" என்று விடை போட்டிருக்கிறார்கள். எதிர்க்கத்தானே வேண்டும்? அச்சுப்பிழையா?

ரகு மாமா: விடை சரி. புலத்தை எதிர்க்கும் என்று அந்த விதி சொல்லவே இல்லை. தூண்டப்பட்ட மின்னோட்டம் பாயத்தின் மாற்றத்தைத்தான் எதிர்க்கும். பாதிப் பேர் சறுக்குகிற இடம் இது.

செல்வி அத்தை: ராத்திரி நேரத்தில் யார் யாரை எதிர்க்கிறார்கள்?

கயல்: பாடம் அத்தை 😅

முத்து சித்தப்பா: *பலமுறை அனுப்பப்பட்டது* காந்த வளையல் அணியுங்கள்! ரத்தத்தில் உள்ள இரும்பு ஈர்க்கப்பட்டு ஓட்டம் சீராகும்!

ரகு மாமா: முத்து, ரத்தத்தில் இருக்கிற இரும்பு ஹீமோகுளோபினுக்குள் கட்டுண்டு கிடக்கிறது, ஆணி மாதிரி இழுபடாது. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் காந்தப்புலம் 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. அதற்குள் படுத்து எழுந்து வருகிறவர்களுக்கு ரத்தம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறதா என்ன?

முத்து சித்தப்பா: வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான் அண்ணா.

ரகு மாமா: சரி கயல், மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த ஃபாரடேயிடம் போவோம். 1831 ஆகஸ்ட் 29. ஓர் இரும்பு வளையம், இரு பக்கமும் கம்பிச்சுருள். ஒன்றை பேட்டரியில் இணைக்கிறார், மற்றதன் கம்பி அருகே காந்த ஊசி. இணைத்ததும் ஊசி துடித்தது, அப்புறம் பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. பேட்டரி ஓடிக்கொண்டுதான் இருந்தது! கழற்றியதும் மறுபடி ஒரு துடிப்பு.

கயல்: அதாவது புலம் இருந்தால் மட்டும் போதாது, அது மாற வேண்டும்.

ரகு மாமா: அதேதான். இணைக்கும்போது பாயம் கூடுகிறது, கழற்றும்போது குறைகிறது. அதனால் மின்னோட்டத்தின் திசையும் புரண்டுவிடும்.

கதிர்: எங்கள் ஆய்வகத்தில் செம்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டுக் காட்டினார்கள். எண்ணெய்க்குள் இறங்குவது போல மெதுவாக வந்தது. செம்பில் காந்தம் ஒட்டவே ஒட்டாதே, அது எப்படி?

ரகு மாமா: நல்ல நேரத்தில் வந்தாய். குழாயை அடுக்கி வைத்த செம்பு வளையங்களாக நினை. காந்தத்துக்குக் கீழே இருக்கும் வளையத்தில் பாயம் கூடுகிறது, அதனால் அங்கே தூண்டப்படும் மின்னோட்டம் காந்தத்தை மேலே தள்ளும். மேலே இருக்கும் வளையத்தை விட்டுக் காந்தம் விலகுகிறது, அங்கே பாயம் குறைகிறது. அது என்ன செய்யும்? கயல் சொல்லட்டும்.

கயல்: குறைய விடக் கூடாது... அதனால் இழுத்துப் பிடிக்கும்?

ரகு மாமா: ஆமாம்! ஒன்று தள்ளுகிறது, ஒன்று இழுக்கிறது, இரண்டுமே விழுவதைத் தடுக்கின்றன.

கதிர்: தடுக்காமல் உதவி செய்தால்?

ரகு மாமா: காந்தம் வேகமெடுக்கும், மின்னோட்டம் கூடும், அது இன்னும் வேகமாக்கும். ஒன்றும் செலவழிக்காமல் ஆற்றல் கொட்டும். நடக்காது. தூண்டப்படும் மின்னழுத்தத்தைத் தரும் ஃபாரடே சமன்பாட்டில் இருக்கும் கழித்தல் குறி ஆற்றல் அழிவின்மையின் கையெழுத்து. மெதுவாக விழும் காந்தம் இழக்கிற நிலையாற்றல் குழாயில் வெப்பமாகிறது.

கயல்: அப்போது என் கணக்கில் பாயம் குறைகிறது, சுருள் அதைத் தக்கவைக்கப் பார்க்கும், அதனால் அதே திசை. கூடியிருந்தால் எதிர்த்திசை.

ரகு மாமா: அவ்வளவுதான். சுருள் ஓரிடத்தில் அறுந்திருந்தால்?

கயல்: மின்னோட்டம் இருக்காது. 2 வோல்ட் மட்டும் இருக்கும்.

கதிர்: குழாயை நெடுக்காகக் கீறிவிட்டால் காந்தம் சர்ரென்று விழுமா?

ரகு மாமா: முன்பைவிட வேகமாக விழும், மின்னோட்டம் குழாயைச் சுற்றி வர வழியில்லையே. ஆனாலும் செம்புக்குள்ளேயே சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் இருக்கும், கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.

கயல்: நான் அடுத்த கணக்குக்குப் போகிறேன். மின்மாற்றி.