தறிக்குழியும் பதினோரு பக்க பயோமெக்கானிக்ஸ் அறிக்கையும்

தறிவீட்டுப் பையன்:
அப்பாவுக்கு 48 வயசு. சேலம் அம்மாபேட்டையில குழித்தறி, தரையில வெட்டின குழிக்குள்ள காலை விட்டு மிதிச்சு நெய்யற தறி. போன வருஷம் சிக்னல்ல மொபெட்டை நிறுத்தி இடது காலை ஊனி நின்னப்ப, பக்கத்துல ஒடிச்சுத் திரும்புன கார் இடிச்சிருச்சு. முட்டிக்குக் கீழ எலும்புல விரிசல், உள்ள ஜவ்வு கிழிசல். இப்ப முட்டி 95 டிகிரிக்கு மேல மடங்கறதில்ல. மெடிக்கல் போர்டு அந்தக் காலுக்கு 20% ஊனம்னு சர்டிபிகேட் குடுத்திருக்கு. இப்போ நஷ்டஈட்டு வழக்குல இன்சூரன்ஸ் கம்பெனி தரப்புல ஒரு பயோமெக்கானிக்ஸ் அறிக்கை (உடம்பு மேல விழற விசையைக் கணக்குப் போடறது) போட்டிருக்காங்க. பம்பர் நசுங்கலை வெச்சுப் பாத்தா வேகம் 15 கி.மீ.க்குள்ளதானாம், அந்த விசைக்கு ஜவ்வு கிழியாதாம், வயசுல தேஞ்சதாம். பதினோரு பக்கம், பாதிக்கு மேல கிராஃப். ஏழையை அடிக்க இதென்னங்க புதுக் கம்பு?

சுழல்விசை:
அறிவியலைத் திட்டாதீங்க தம்பி, அந்த அறிக்கையைத் திட்டுங்க. நான் காலேஜ்ல மெக்கானிக்ஸ் எடுக்கறவன். வேகம் பாதியானா இயக்க ஆற்றல் கால் பங்காயிரும், அதனால வேகத்தைக் கேக்கறது நியாயந்தான். ஆனா ஜவ்வு இடியால மட்டுமா கிழியுது? பாதம் தரையில ஊனியிருந்து, முட்டி லேசா மடங்கி, உடம்பு திரும்பினா ரெண்டு எலும்புக்கு நடுவுல ஜவ்வு மாட்டி முறுக்கிக்கும். கபடி ஆடற பசங்க யாரும் தொடாமயே கிழிச்சுக்கறாங்களே. உங்கப்பா கால் ஊனித்தானே நின்னார்? அது அறிக்கையில இருக்கா? அப்புறம் பிளாஸ்டிக் பம்பர் நசுங்கித் திரும்ப எழும்பிரும். அதை மட்டும் வெச்சு முட்டி வாங்கின அடியைக் கணக்குப் போட முடியாது.

தறிவீட்டுப் பையன்:
இப்பத்தான் தேடிப் பாத்தேன் சார். "வாகனத்தில் அமர்ந்திருந்தவர்"னு போட்டிருக்கு. கால் தரையிலன்னு ஒரு வரி இல்ல.

முட்டி டாக்டர்:
இதுக்குத்தான் இன்ஜினியரை இந்தப் பக்கமே விடக்கூடாதுங்கறேன். அவங்க வெச்சிருக்கற விசை அளவெல்லாம் பிணத்துல சோதிச்சதும், தாங்களா வந்த ஆரோக்கியமான ஆளுங்களை மெதுவா இடிச்சுப் பாத்ததும். 48 வயசுத் தறிக்காரர் முட்டிக்கு அது எப்படிப் பொருந்தும்? தம்பி, விபத்து நடந்து எத்தனை நாள்ல எம்ஆர்ஐ எடுத்தீங்க? சில வாரத்துக்குள்ளன்னா எலும்புக்குள்ள அடிபட்ட கசிவு வெள்ளையாத் தெரியும், மாசக்கணக்குல அது மறைஞ்சிரும். புது அடிக்கு அது சாட்சி, எந்த கிராஃபும் வேண்டாம். ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும்: இந்த வயசுல வலியே இல்லாதவங்களுக்கும் ஜவ்வுல கிழிசல் இருக்கறது சகஜம். எதிர்த்தரப்பு அதைப் பிடிச்சுக்குவாங்க.

சுழல்விசை:
விடக்கூடாதா? வண்டி மோதிக் கால் எலும்பு உடைஞ்சா, ஆப்பு மாதிரி தனியா நிக்கிற துண்டைப் பாத்து எந்தப் பக்கம் இடிச்சதுன்னு தடயவியல் டாக்டருங்க சொல்றாங்களே, அது என்னவாம்? எலும்பு அழுத்தத்தைத் தாங்கற அளவுக்கு இழுப்பைத் தாங்காது, அதனால இடிச்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கந்தான் முதல்ல பிளக்கும். 1880லயே மெஸ்ஸரர்னு ஒருத்தர் எலும்பை வளைச்சு உடைச்சுப் பாத்த சமாச்சாரம். பயோமெக்கானிக்ஸ்தான் சார் அது.

முட்டி டாக்டர்:
அந்த ஆப்பு சில சமயம் தலைகீழாவும் வரும். அதனாலதான் அதை மட்டும் வெச்சு யாரும் அடிச்சுச் சொல்றதில்ல.

நாலுரோடு:
ரெண்டு பேரும் ஒண்ணைச் சொல்ல மாட்டேங்கறீங்க. கோர்ட்டுக்கு வரப்ப நொண்டி, வெளிய போய் புல்லட் ஓட்டற ஆளுங்களை நான் பாத்திருக்கேன். மெஷின் வெச்சு அளந்தா மாட்டிக்குவாங்க. நல்லதுதானே?

ஏற்காடு பிசியோ:
அந்த மெஷினைத் தெனமும் கையில பிடிக்கறவ நான். சில்வர் ஓக் மரத்துல ஒத்தை மூங்கில் ஏணி சாத்தி மிளகு பறிக்கறப்ப விழுந்து மணிக்கட்டு உடைஞ்சவங்க மலையிலிருந்து நெறைய வருவாங்க. பிடிமான மீட்டர்ல அஞ்சு அளவுல கைப்பிடி இருக்கும். நெசமா அமுக்கினா நடு அளவுல பலம் ஏறி ரெண்டு பக்கமும் இறங்கும், நடிச்சா தட்டையா வரும்னு சொல்லிக் குடுத்தாங்க. ஒரு அக்காவுக்கு அஞ்சும் தட்டை. அந்தம்மா நடிக்கல அண்ணா. வலி வர்ற எடத்துக்கு முன்னாடியே கை தானா நின்னுரும். நெத்தியில வேர்வை பொட்டாத் தெரிஞ்சுது. இந்தச் சோதனையை வெச்சு ஒருத்தரைப் பொய்க்காரர்னு சொல்லக் கூடாதுன்னு எங்க துறையிலேயே பேச்சு இருக்கு.

வராண்டா வக்கீல்:
சட்டத்துக்கு வருவோம். நிபுணர் கருத்து பழைய சாட்சியச் சட்டத்துல 45வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்துல 39. கருத்து கருத்துதான், தீர்ப்பு இல்ல. அறிக்கை எழுதினவரைக் கூண்டுல ஏத்தச் சொல்லிக் கேளுங்க, "கால் எங்க இருந்துச்சு?"ங்கறதுதான் முதல் கேள்வி. அமெரிக்காவுல பல கோர்ட்டுங்க பயோமெக்கானிக்ஸ் நிபுணர்களை "இப்படிப்பட்ட விசைக்குப் பொதுவா என்ன காயம் வரும்"ங்கற வரைக்கும் பேச விடும், "இந்த ஆளுக்கு இந்தக் காயம் இதனால வரல"ன்னு சொல்ல விடாது.

ஆனா நீங்க எல்லாரும் ஜவ்வுலயே நிக்கறீங்க. பணம் வேற எடத்துல இருக்கு. 2010ல உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்குல சொன்னது: உறுப்போட ஊனம் வேற, உடம்பு முழுசுக்கும் ஊனம் வேற, சம்பாதிக்கற சக்தி போனது வேற. கடைசியை முடிவு பண்றது டாக்டர் இல்ல, தீர்ப்பாயம். இடது கை போனா டிரைவருக்கும் தச்சருக்கும் ஏறக்குறைய முழு வருமானமும் போச்சு, அரசாங்க கிளார்க்குக்கு வேலை போகாமலும் இருக்கலாம்னு அதுலயே உதாரணம் இருக்கு. (ஏற்காடு தங்கச்சிக்கு: எஸ்டேட் வேலையில விழுந்தா 2025 நவம்பர் வரைக்கும் 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதுல அட்டவணையில இல்லாத காயத்துக்கு சம்பாதிக்கற சக்தி எவ்வளவு போச்சுன்னு டாக்டரே மதிப்பிடணும்னு இருந்துச்சு. அங்க உங்க அளவுக்கு மதிப்பு ஜாஸ்தியா இருந்துச்சு.)

கணக்கைப் பாருங்க. மாச வருமானம் 12,000னு வெச்சுக்குவோம். 46-லிருந்து 50 வயசுக்கு வருஷ வருமானத்தைப் பெருக்கற எண் 13, அது 2009 சரளா வர்மா தீர்ப்புல இருக்கற அட்டவணை. 12,000 × 12 × 13, மொத்தம் 18,72,000. காலோட 20%-ஐ உடம்பு முழுசுக்கும் ஏறக்குறைய 7%னு குறைச்சு எடுத்தா 1,31,040. சம்பாதிக்கற சக்தி பாதி போச்சுன்னு 50% எடுத்தா 9,36,000. எதிர்கால உயர்வு, வலி வேதனை எல்லாம் தனி. இந்த ரெண்டு தொகைக்கும் நடுவுல நிக்கறது ஜவ்வு இல்ல தம்பி, தறிக்குழி.

சுழல்விசை:
அங்கதான் நான் வரேன். மாடிப்படி ஏற 83 டிகிரி, நாற்காலியில உக்கார 93 போதும்னு பழைய அளவு உண்டு. 95 மடங்குதேன்னு எதிர்த்தரப்பு சொல்லும். ஆனா தரை மட்டத்துல இருந்து குழிக்குள்ள இறங்கி ஏற? நாள் பூரா மிதி அமுக்க? அதை அளந்து சொல்ல டாக்டரோட கோணமானி பத்தாது.

முட்டி டாக்டர்:
இதுல மட்டும் உங்களோட சண்டையில்ல. போர்டுல எங்க முன்னாடி ஒரு மேசையும் கோணமானியுந்தான் இருக்கு. தறி இல்ல.

தறிவீட்டுப் பையன்:
இறங்கறப்ப ரெண்டு கையையும் பலகையில ஊனி நல்ல காலை முதல்ல விடறார். அப்புறம் இடது காலை வேட்டியோட சேத்துப் பிடிச்சு, சாமான் மாதிரி தூக்கி உள்ள வெக்கறார். மிதி அமுக்க ஆரம்பிச்சு அரை மணியில எந்திரிச்சிடறார். வீடியோ எடுத்தா செல்லுமா?

வராண்டா வக்கீல்:
செல்லும். புதுச் சட்டம் 63வது பிரிவுப்படி சான்று சேக்கணும், பழைய 65பி மாதிரி. எடுத்த போனைத் தொலைச்சிராதீங்க. அதைவிட முக்கியம், அப்பா நெசவாளர் சொசைட்டிக்குத் தறி ஓட்டறாரா? சேலை குடுத்த கணக்கு எழுதின கூலிப் புத்தகம் இருக்குமே?

நாலுரோடு:
நடிக்கறவன் புத்தகத்துலயும் நடிப்பான்.

வராண்டா வக்கீல்:
விபத்துக்கு முன்னாடி பக்கத்துலயுமா?

தறிவீட்டுப் பையன்:
அம்மா டிரங்குப் பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்தாங்க. அண்ணா, முன்னாடி மாசம் 6, சில மாசம் 7 சேலை. விபத்துக்கப்புறம் ஆறு மாசம் வெறும் பக்கம். இப்ப 2. போன மாசம் 1.