பழைய கார்பன் முன்வீல், விளிம்பில் கோடு: ஓட்டலாமா?

ஈசிஆர்_காற்று:
வணக்கம் நண்பர்களே. சைக்கிளுக்கு 50 மிமீ ஆழ ரிம் உள்ள கார்பன் வீல் ஜோடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். பிரேக் கட்டை ரிம்மையே பிடிக்கும் ரிம் பிரேக், டியூப் போடும் கிளிஞ்சர் ரகம். பின்வீல் சுத்தமாக இருக்கிறது, சந்தேகம் முன்வீலில்தான். டயரைக் கழற்றியபோது, டயர் கவ்வும் விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அங்கிருந்து பிரேக் கட்டை படும் பரப்புக்குள் 2 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு. விற்றவரைக் கேட்டால் "வார்னிஷ் கீறல்தான் தம்பி, நானே அதில்தான் ஓட்டினேன்" என்கிறார். சுற்றிவிட்டால் கோட்டம் இல்லாமல் நேராக ஓடுகிறது. என் எடை 82 கிலோ. வழக்கமாக மாமல்லபுரம் வரை போய் வருவேன், அடுத்த மாதம் கொல்லிமலைக்குப் போவதாகத் திட்டம். போட்டோவில் கோடு சரியாக விழவில்லை. என்ன செய்யலாம்?

பெடல்மாமா:
நேராக ஓடினால் பிரச்சினை இல்லை ப்ரோ. என் ரிம்மிலும் இப்படி ஒரு கோடு உண்டு. கொஞ்சம் எபாக்சி பசை தடவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கோட்டம்எடுப்பவன்:
மாமா, உங்கள் கோடு எந்த இடத்தில் என்று சொல்லவில்லையே. ரிம்மின் பக்கவாட்டில் அலங்கார வார்னிஷில் இருந்தால் அது வேறு கதை. இவர் சொல்வது டயர் கவ்வும் விளிம்பு.

நேராக ஓடுவதை வைத்தும் முடிவு செய்ய முடியாது. அலுமினிய ரிம் பள்ளத்தில் விழுந்தால் நசுங்கும், கோட்டம் காட்டும். கார்பன் அடி வாங்கினாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும், உள்ளே அடுக்குகள் மட்டும் பிரிந்திருக்கும். பிறகு ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும்.

தம்பி, டயர், டியூப், ரிம் டேப் மூன்றையும் கழற்றிவிட்டு ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். பஞ்சை அந்த இடத்தில் மெல்ல இழுங்கள். கார்பன் நார் அறுந்திருந்தால் பஞ்சு மாட்டும். வார்னிஷ் கீறலில் பெரும்பாலும் மாட்டாது. விளிம்பின் உட்பக்கத்தையும் பாருங்கள். கோடு அந்தப் பக்கமும் தெரிந்தால் வார்னிஷ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து நாணயத்தால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். கடையில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே மாதிரிதான். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும், அடுக்கு பிரிந்த இடத்தில் 'பொத்' என்று அமுங்கும். ஸ்போக் துளை, வால்வு பக்கமெல்லாம் தடிமன் கூடுவதால் சத்தம் இயல்பாகவே மாறும். அதனால் ஒரு ஸ்போக் இடைவெளியின் நடுவை இன்னொன்றின் நடுவோடு மட்டும் ஒப்பிடுங்கள். சத்தம் மாறினால் சந்தேகம் உறுதி. மாறாவிட்டால் வீல் நல்லது என்று அர்த்தமில்லை.

வெர்னியர் காலிப்பர் இருந்தால் பிரேக் கட்டை படும் இடத்தில் ரிம்மின் அகலத்தையும் சுற்றிலும் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் அரை மிமீ கூடியிருந்தாலே அங்கே புடைத்திருக்கிறது.

ஈசிஆர்_காற்று:
நன்றி அண்ணா, எல்லாம் செய்து பார்த்தேன். பஞ்சு சில்லு பெயர்ந்த இடத்தில் மாட்டியது, கோட்டின் மேல் மாட்டவில்லை. உட்பக்கத்தில் அதே இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு தெரிகிறது. நாணயச் சத்தத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அகலம் மற்ற இடங்களில் 25.1, அங்கே 25.5. கட்டைவிரலால் விளிம்பை வெளியே தள்ளினால் லேசாக 'டிக்' என்கிறது.

கோட்டம்எடுப்பவன்:
அந்த 'டிக்' போதும். இந்த ரிம்மில் இனி ஓட்டாதீர்கள். ஈசிஆர் சாலை சமதரைதானே என்றும் நினைக்க வேண்டாம்.

25 மிமீ டயரில் 80 பிஎஸ்ஐ காற்று அடித்தால், டயர் உறை தன் விளிம்பை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 7 கிலோ விசையோடு இழுக்கிறது. அதில் பெரும்பங்கு ரிம் விளிம்பை வெளிப்பக்கம் விரிக்கத்தான் பார்க்கும். வண்டி சும்மா நின்றாலும் இந்தச் சுமை இருக்கும். அதன் மேல் பிரேக் கட்டை அதே விளிம்பை உள்ளே அழுத்துகிறது. கொல்லிமலை இறக்கத்தில் 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் பிரேக். கார்பன் சூட்டை எளிதில் வெளியேற்றாது. அளவுக்கு மேல் சூடேறினால் நார்களைப் பிணைக்கும் ரெசின் இளகும். நல்ல ரிம்மே அங்கே திணறும். விளிம்பு பெயர்ந்தால் டியூப் வெடித்து டயர் கழன்றுவிடும், அதுவும் முன்வீலில். பின்வீல் என்றால் வழுக்கியாவது நிறுத்தப் பார்க்கலாம்.

எபாக்சி தடவினால் கோடு மறையும், அறுந்த நார் ஒட்டாது. ஃபிரேமில் கார்பன் ரிப்பேர் செய்பவர்கள்கூட ரிம் விளிம்பு என்றால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். சூடும் தேய்மானமும் படும் இடம் அது, ஒட்டுப்போட்டால் அகலமும் மாறும்.

ஸ்போக்_ராணி:
மொத்தமாக நஷ்டம் என்று நினைக்க வேண்டாம் தம்பி. வீலின் நடுவே உள்ள ஹப்பில் பேரிங் சுழற்சி நன்றாக இருந்தால் ரிம்மை மட்டும் மாற்றலாம். அதே துளை எண்ணிக்கையும் அதே ஈஆர்டி அளவும் (ரிம்மில் ஸ்போக் முனைகள் உட்காரும் இடத்தின் விட்டம்) உள்ள ரிம் கிடைத்தால் பழைய ஸ்போக்கே பொருந்தும், ஸ்போக் முனையை ரிம்மில் இறுக்கும் நிப்பிளை மட்டும் புதிதாகப் போடுங்கள். ஈஆர்டி 2 மிமீக்கு மேல் மாறினால் ஸ்போக் நீளத்தைத் திரும்பக் கணக்குப் போட வேண்டும். மலைக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் முன்னால் அலுமினிய ரிம்மே கட்டிக்கொள்ளுங்கள். பார்க்க ஜோடி சேராது, பரவாயில்லை.

விற்றவரிடம் உட்பக்கக் கோட்டின் வீடியோவைக் காட்டி விலையில் பாதியாவது கேளுங்கள்.

பெடல்மாமா:
சரி, நானும் இன்று டயரைக் கழற்றிப் பார்த்தேன். என் கோடு ஸ்போக் துளையிலிருந்து கிளம்புகிறது. இது எந்த ரகம்?

கோட்டம்எடுப்பவன்:
ஸ்போக் 100 கிலோ அளவுக்குக்கூட இழுக்கும் இடம் மாமா அது. வண்டியை வெளியே எடுக்காதீர்கள், மற்றத் துளைகளையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஈசிஆர்_காற்று:
விற்றவர் 7,000 திருப்பித் தர ஒப்புக்கொண்டார், ஆனால் ரிம்மைத் திரும்பக் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஸ்போக்_ராணி:
கொடுக்காதீர்கள். மறுபடி வார்னிஷ் அடித்து வேறு யாரிடமாவது தள்ளிவிடுவார். ஸ்போக்கைத் தளர்த்திக் கழற்றியதும் ரிம்மை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, அந்தப் போட்டோவை அவருக்கு அனுப்புங்கள். அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது.